பாட்டில் பறந்தது போதும்!

தமிழ்ச் சங்க மேடைகளில் வானூர்தி பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு நூல்கள் தவறாமல் வந்து நிற்கும். ஒன்று புறநானூறு, மற்றொன்று சீவக சிந்தாமணி. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27-ஆம் பாட்டில், ஓட்டுவோன் இன்றியே செல்லும் விண்ணூர்தி ஒன்று குறிக்கப்படுகிறது. திருத்தக்கதேவரின் காப்பியத்திலோ, மன்னன் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறியைச் செய்விக்கிறான். இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, "ஆளில்லா விமானத்தை அன்றே கண்டவன் தமிழன்!" என்று பேச்சாளர் முழங்குவார். அரங்கம் கையொலியால் அதிரும். பிறகு எல்லோரும் தேநீர் அருந்தக் கலைந்து செல்வோம்.

நானும் கைதட்டியவர்களுள் ஒருவன்தான். ஆயினும் அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்று கேட்க விரும்புகின்றேன். கைதட்டிய நம்முள் எத்தனை பேருக்கு ஒரு முழ நீள இறக்கையைச் செய்து, அதைப் பத்து விநாடி காற்றில் நிற்க வைக்கத் தெரியும்? புறநானூற்றுப் புலவர் பாடியது புகழ் பெற்றோர் மறுமையில் எய்தும் ஊர்தியை. அது புலவரின் உயர்ந்த கற்பனை; பட்டறையின் குறிப்பேடு ஆகாது. கற்பனையைக் கற்பனையாகப் போற்றுவதே புலவருக்கு நாம் செய்யும் சிறப்பு. அதைக் கண்டுபிடிப்பென்று பறைசாற்றுவது அவருக்கும் பெருமை தராது. அறிவியலுக்கும் பெருமை தராது.

சிந்தாமணிக் கதையில் நாம் கவனியாது விடும் ஓர் இடம் உண்டு. மயிற்பொறியைக் கைவல்லான் ஒருவன் செய்தான். செய்தபின் விசயை அதனை இயக்கப் பயின்றாள். காப்பியப் புலவரும் செய்தல், பயிலுதல் என்ற இரண்டையும் மறவாமல் வைத்தார். பொறி வானில் ஏறியதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம்.

என் கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகின்றேன். நம் தமிழ் மாணவர் சங்கம் பொங்கல் விழா, பட்டிமன்றம், கவியரங்கம் ஆகியவற்றோடு வானொலி அலையால் இயக்கும் சிறு மாதிரி வானூர்திகளைச் செய்யும் பட்டறை ஒன்றையும் நடத்த வேண்டும். கடையில் முழுதாக விற்கும் பறக்கும் கருவியை வாங்கி வந்து படம் பிடிப்பதை நான் சொல்லவில்லை. வெட்டி, ஒட்டி, எடை பார்த்து, மின்கம்பி இணைத்து, சீர்செய்து, நம் கையால் ஆக்கிப் பறக்கவிட வேண்டும் என்கிறேன்.

இதனைச் சங்கக் கூட்டமொன்றில் சொன்னபோது, "விளையாட்டுப் பொம்மைக்குத் தமிழ்ச் சங்கம் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

சென்னைக்கு அருகே குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்களின் கொடையால் 1949-இல் தோன்றியது எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே 1950-களில் தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. விமானப் பொறியியல் பயின்ற இராமேசுவரத்து மாணவர் ஒருவர், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் தமிழில் கட்டுரை எழுதி முதற் பரிசு பெற்றார். பரிசு வழங்கியவர் அந்நாளில் ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த தேவன். அம்மாணவர் அப்துல் கலாம். 1980 சூலை 18-ஆம் நாள் எஸ்.எல்.வி-3 ஏவுகலம் ரோகிணித் துணைக்கோளை விண்ணில் நிறுத்தியபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் அவரே. வானூர்தி பற்றி எழுதத் தமிழ்ச் சங்கம் தக்க இடமென்று அன்று ஒரு சங்கம் எண்ணியது. பறக்கவிடவும் அது தக்க இடமென்று நாம் எண்ணினால் தவறு என்ன?

அதே எம்.ஐ.டி. வளாகத்தில், இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாக உள்ள அக்கல்லூரியில், மாணவர்கள் 'தக்சா' என்னும் குழுவாகச் சேர்ந்து ஆளில்லா வானூர்திகளைச் செய்தார்கள். 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், எட்டாத இடத்துக்கு மருத்துவ உதவியைப் பறக்கும் பொறியால் சேர்ப்பதைப் பொருளாகக் கொண்ட பன்னாட்டுப் போட்டியில் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அதற்கு ஆலோசகராக இருந்தார் என்பதை நம் நண்பர்கள் பலர் அறிவர். அவர் மாதிரி விமானங்களைப் பொழுதுபோக்காக இயக்குபவர் என்பதும் ஊரறிந்த செய்தி. ஆனால், அக்குழுவின் மாணவர்கள் எத்தனை இறக்கைகளை உடைத்து, எத்தனை இரவுகள் ஒட்டியிருப்பார்கள் என்பதை நாம் பேசுவதில்லை. நடிகரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. பசையின் மணம் நினைவுக்கு வருவதில்லை!

வெளியுலகையும் சிறிது நோக்குவோம். கம்பியின்றி ஒரு கலத்தை இயக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் சிறு படகு ஒன்றைக் கொண்டு காட்டினார். 1930-களின் பிற்பகுதியில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டையர் வானொலியால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். அன்று அவர்கள் கருவிகளைத் தம் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஏற்பி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது மேனார்டு ஹில் என்ற முதியவரின் கதை. 77-ஆம் வயதில், கண் பார்வையும் செவிப்புலனும் மிகக் குன்றிய நிலையில், அவர் பால்சா மரத்தால் ஒரு மாதிரி வானூர்தி செய்தார். எரிபொருளோடு அதன் எடை 5 கிலோவுக்கும் குறைவு. முன்னர் விட்ட சில கலங்கள் கடலில் மறைந்தன. ஆயினும் 2003 ஆகஸ்டு 9-ஆம் நாள் கனடாவின் நியூபவுண்டுலாந்துக் கரையில் அவர் மீண்டும் ஒன்றைக் கையால் எறிந்து ஏவினார். அது தன்னியக்கக் கருவியின் வழிகாட்டலில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, 38 மணி 52 நிமிடத்துக்குப் பின் அயர்லாந்துக் கரையில் இறங்கியது. கடந்த தொலைவு ஏறத்தாழ 3030 கிலோமீட்டர். சென்னைக்கும் நம் தீவுக்கும் இடையே வான்வழி நேர்த்தொலைவு 1400 கிலோமீட்டருக்கும் குறைவு என்பதை எண்ணிப் பாருங்கள். வங்கக் கடலைப் போல் இருமடங்குக்கும் மிகுந்த கடலை, ஒரு முதியவரின் மரப்பறவை கடந்தது!

உடனே வங்கக் கடலைத் தாண்டப் புறப்படுவோம் என்று நான் கூறவில்லை. நம் தேவை மிகச் சிறியது, ஆனால் மெய்யானது. நாம் வாழும் இந்த அந்தமான் நிகோபார் தீவுக்கூட்டம் வடக்கிலிருந்து தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட தீவுகள். மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இத்தீவுகளின் கரையையே மாற்றி எழுதின. தெற்கே இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரைச் சுற்றி நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ, சிப்பிகாட்டின் வயல்களில் உவர்நீர் புகுந்தது. வட அந்தமானிலோ கடற்படுகை உயர்ந்து, பவளப் பாறைகள் நீருக்கு மேலே தெரிந்தன. அன்று தொடங்கிய மாற்றம் இன்றும் நின்றபாடில்லை. அலையாத்திக் காடு ஓரிடத்தில் மடிகிறது. வேறோர் இடத்தில் புதிதாகத் துளிர்க்கிறது.

கடலியலும் உயிரியலும் பயிலும் நாம் இதனை எவ்வாறு அளக்கிறோம்? இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களை நாடுகிறோம். அவற்றுள் நன்கு அறியப்பட்ட சிலவற்றில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் சதுரம். ஒரு முழு அலையாத்தி மரம் அப்புள்ளிக்குள் மறைந்துவிடும். அதுவும் மே முதல் ஆண்டிறுதி வரை இருபருவ மழையின் முகில்கள் மறைக்காமல் இருந்தால்தான். நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் சிறு வானூர்தியின் கண்ணுக்கோ தரையின் சில சென்டிமீட்டரும் தெரியும். முகில் அதற்கு மேலேதான் இருக்கும். ஒரே கரையை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் இவ்வாறு படமெடுத்து வைத்தால், பத்தாண்டில் அது விலைமதிப்பற்ற ஆவணம் ஆகிவிடும். இதைச் செய்வதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. பொறுமையுள்ள பத்து மாணவர்கள் வேண்டும்.

"அதற்கு நான்கு விசிறி கொண்ட கருவியை வாங்கிவிட்டால் போகிறது" என்பார் சிலர். முதலில் ஒரு செய்தி: வெளிநாட்டில் முழுதாகச் செய்யப்பட்ட ட்ரோன்களை இறக்குமதி செய்வதை நம் அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்ற சில தேவைகளுக்கு விலக்குண்டு; உறுப்புகளை இறக்குமதி செய்யத் தடையில்லை. செய்பவனுக்கு வழி திறந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் கல்வியைப் பற்றியது. நான்கு விசிறிக் கருவி தன் முழு எடையையும் மின்விசையாலேயே தாங்குகிறது. உள்ளிருக்கும் சிறு கணிப்பொறி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதனைச் சமன் செய்கிறது. விரலை எடுத்துவிட்டாலும் அது நிற்கும். அது அதன் சிறப்பு. ஆனால் கற்பவனுக்கு அது எதையும் சொல்லித் தருவதில்லை. இறக்கை கொண்ட விமானம் அவ்வாறன்று. காற்றோடு நாம் செய்துகொள்ளும் உடன்பாடு அது. எடை எங்கே நிற்க வேண்டும், இறக்கை எவ்வளவு சாய வேண்டும், எந்த வேகத்துக்குக் கீழே காற்று நம்மைக் கைவிடும் என்பவற்றை அறியாதவனை அது நொடியில் தரையில் வீழ்த்தும். அறிந்தவனுக்கோ, மோட்டார் நின்ற பின்னும் மிதந்து வந்து காலடியில் இறங்கும். நன்கு செய்த சாதாரண மாதிரி, ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து மோட்டாரின்றியே ஏறத்தாழ நானூறு மீட்டர் மிதந்து செல்லும்.

முதலில் செய்யத் தக்கது எது என்று கேட்பவர்களுக்காகச் சில அளவுகளைச் சொல்கிறேன். இறக்கை உடலின் மேற்புறத்தில் அமைந்த பயிற்சி விமானமே நல்லது. இறக்கையின் நீளம் 120 சென்டிமீட்டர். அகலம் 20 சென்டிமீட்டர். பரப்பு 2400 சதுர சென்டிமீட்டர். மொத்த எடை 800 கிராமுக்குள் இருந்தால், அது மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்திலேயே காற்றில் நிற்கும். எடையை 1200 கிராமாக்கிவிட்டால் அந்த வேகம் 31 கிலோமீட்டராக உயரும். வேகம் சிறிதுதானே கூடியது என்று எண்ணவேண்டா. எடையும் கூடி வேகமும் கூடியதால், தரையில் மோதும் ஆற்றல் இரண்டே கால் மடங்காகிவிடும். நான் பாடநூலில் பலமுறை எழுதிய இயக்க ஆற்றல் சூத்திரம், உடைந்த மூக்கு ஒன்றைக் கையில் ஏந்தும்போது பெறுகின்ற பொருளே வேறு!

பொருள்களிலும் இத்தீவு தனக்கெனப் பாடம் வைத்திருக்கிறது. அந்தமானின் புகழ் பெற்ற படாக் மரம் அழகியது, உறுதியானது. ஆனால் பால்சா மரத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. அது மேசைக்கு ஆகும், இறக்கைக்கு ஆகாது. தென் அமெரிக்காவின் பால்சாவோ இங்கே அரிது. ஈரக் காற்றில் நீரை உறிஞ்சிக் கோணும். எனவே தெர்மாகோல், அட்டையொட்டிய நுரைப்பலகை, இடையிடையே மூங்கில் சிம்பு ஆகியவையே நமக்கு ஏற்றவை. விரைவில் ஒட்டும் சாதாரணப் பசை தெர்மாகோலை உருக்கித் தின்றுவிடும். அதற்கு வெள்ளைப் பசையே தக்கது. இங்குள்ள ஈரத்தில் அது காய ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். கடலுப்பு கலந்த காற்று மின்முனைகளை அரிக்கும் ஆதலின், ஒவ்வொரு முறை பறந்தபின்னும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

செய்து முடிப்பது பாதி வேலை; சீர்செய்வது மறுபாதி. மாதிரி விமானங்களில் பல முதற் பறத்தலிலேயே உடைவதற்குக் காரணம் கட்டுமானக் குறை அன்று, சீர்செய்யாமையே. முதலாவது எடைமையம். மேலே சொன்ன அளவுள்ள இறக்கையில், முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் இரு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். மூக்குச் சிறிது தாழ்ந்தால் ஓட்டலாம்; வால் தாழ்ந்தால் ஓட்டவே முடியாது. மின்கலத்தை முன்னும் பின்னும் நகர்த்தியே இதனைச் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது, அசையும் பகுதிகள். விமானத்தின் பின்னால் நின்று, கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் வல இறக்கையின் அசையும் மடல் மேலே எழ வேண்டும். கைப்பிடியை நம் பக்கம் இழுத்தால் வாலின் கிடைமடல் மேலே எழ வேண்டும். ஒவ்வொரு முறையும், நூறாவது முறையும், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டிய மந்திரம் இது. மூன்றாவது, வானொலித் தொடர்பு. முதலில் கைக்கருவியை இயக்கி, பின்னரே விமானத்தின் மின்கலத்தை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது இதற்கு மாறாக. தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்து, தரையிலேயே சோதிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்சு அலை நேர்க்கோட்டை விரும்புவது; மழையில் நனைந்த அடர்ந்த காடு அதனை விழுங்கிவிடும். ஆகையால், நம் தீவில் மரங்களுக்கு அப்பால் விமானத்தை ஒருபோதும் விடலாகாது. மேசையில் வேலை செய்யும்போது விசிறியைக் கழற்றி வைப்பது விரல்களுக்கு நல்லது. லித்தியம் மின்கலத்தின் ஒவ்வோர் அறையையும் 4.2 வோல்டுக்கு மேல் ஏற்றலாகாது. பறக்காத நாட்களில் 3.8 வோல்டில் வைக்க வேண்டும்; ஆளில்லா அறையில் மின்னேற்றவே கூடாது.

இத்தகைய ஒன்றை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது செய்து, வற்றிய ஏரியின் நடுவே பறக்கவிட்டேன். மூன்று மாதப் பாடத்தில் விளங்காத சில செய்திகள் மூன்று நிமிடத்தில் விளங்கின. அந்த நிறைவு எனக்கு மட்டும் உரியதாக இருப்பதை நான் விரும்பவில்லை. அதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கட்டுரை நேர்மையானதாகாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்ணுக்கெட்டும் தொலைவில் இயக்கும் 25 கிலோ வரையுள்ள மாதிரிகளுக்கு வகைச்சான்று வேண்டா என்கின்றன. 2 கிலோ வரை எடையுள்ளவற்றை வாணிக நோக்கமின்றி இயக்க ஓட்டுநர் சான்றும் வேண்டா. ஆனால் வானம் எங்கும் திறந்ததன்று. பச்சை, மஞ்சள், சிவப்பு என வான்வெளி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை வெளியிலும் 400 அடியே எல்லை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வட்டத்தில் 200 அடியே எல்லை. அதனினும் அருகே முன் இசைவு கட்டாயம். நம் நகரத்தின் விமான நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. 2001 முதல் முப்படைகளின் கூட்டுத் தலைமையகமும் இங்கேயே இருக்கிறது. எனவே வரைபடத்தைப் பார்க்காமலும், எழுத்து மூலம் இசைவு பெறாமலும், நம் சங்கத்தின் பெயரால் ஒரு காகித அம்பு அளவுள்ள மோட்டார்ப் பொறியும் மேலெழக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தினும் மேலான ஒன்றும் உண்டு. ஜாரவர், சென்டினலர் முதலிய தொல்குடிகளின் நிலம் 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையால் காக்கப்பட்டிருக்கிறது. அவர்களின் காட்டுக்கு மேலே நம் கண்ணைப் பறக்கவிடுவது ஆராய்ச்சி ஆகாது, அத்துமீறல். பிறர் வீட்டுச் சன்னலில் எட்டிப்பார்ப்பவனை நாம் அறிஞன் என்று அழைப்பதில்லை. ஆமைகள் முட்டையிடும் கரைக்கும் இதே மரியாதை உரியது. கருவி செய்யக் கற்பவன், அதனை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். எய்லரான், எலிவேட்டர் என்பவற்றுக்குத் தமிழ்ப்பெயர் என்ன என்று நாம் மணிக்கணக்கில் வாதிடக் கூடியவர்கள். நம் மீனவரைப் பாருங்கள். படகின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். அராபியக் கடலோடிகள் வழியே வந்த சுக்கான் என்ற சொல்லையும் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். அவர்கள் குழு கூட்டிச் சொல் சமைக்கவில்லை. கடலில் நின்று கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, சொல் பிறந்தது. பத்துப் பேர் சேர்ந்து விமானம் செய்து, காற்றில் அது தடுமாறும்போது ஒருவரை ஒருவர் கூவி அழைக்கட்டும். வாலின் செங்குத்து மடலுக்குச் சுக்கான் என்ற பெயர் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றுக்கும் அவ்வாறே பெயர் வரும். அகராதியில் தூங்கும் ஆயிரம் சொற்களினும், பட்டறையில் வழங்கும் பத்துச் சொற்கள் தமிழுக்கு மிகுந்த உயிர் தரும் என்பது என் துணிபு.

பணம் எங்கே என்பார்கள். கைக்கருவி, ஏற்பி, மோட்டார், மின்கலம் எல்லாம் சேர்ந்தும் நம் நண்பர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் நல்ல கைப்பேசி ஒன்றின் விலையை எட்டமாட்டா. கைக்கருவி ஒன்றை வாங்கினால் பத்து விமானங்களுக்கும் அதுவே போதும். விழா மேடையின் பூவேலைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால் பட்டறை தொடங்கிவிடும். பூ மறுநாள் வாடும். கற்ற கை வாடாது.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் நான்கு. ஒன்று, இப்பருவத்திலேயே பத்துப் பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும். அறிவியல் பயிலாதவர்க்கும் அதில் இடம் வேண்டும். இரண்டு, முதல் மாதம் மோட்டாரே இல்லாத, கையால் எறியும் மிதவை விமானங்களைச் செய்து, எடைமையத்தையும் இறக்கையையும் பயில வேண்டும். இதற்குக் கத்தியும் பசையும் தெர்மாகோலும் போதும். மூன்று, அதற்குள் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, பதிவும் இசைவும் பெற்று, காற்று அடங்கியிருக்கும் சனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள காலத்தில் முதல் வானொலி விமானத்தைப் பறக்கவிட வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதை முப்பது கிலோமீட்டர் வேகமுள்ள பருவக்காற்று பின்னோக்கித் தள்ளிக் கடலில் சேர்த்துவிடும் ஆதலின், காலம் பார்ப்பது மூடநம்பிக்கை ஆகாது. நான்கு, செய்தவற்றை எல்லாம் அளவுகளோடும் படங்களோடும் தமிழில் எழுதி, இம்மலரிலேயே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நமக்குப் பின் வருவோர் தொடக்கத்திலிருந்து தொடங்கும் நிலை வேண்டா.

அடுத்த ஆண்டு விழாவில் புறநானூற்றையும் சிந்தாமணியையும் நாம் மீண்டும் பாடுவோம், பாட வேண்டும். ஆனால் அன்று மேடையின் ஓரத்தில், ஒட்டுப்போட்ட இறக்கையோடு நம் கையால் ஆன விமானம் ஒன்றும் நிற்கட்டும். அதனைச் செய்ய முன்வருவோர் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் இவ்வாரத்திலேயே தருக.